குடலில் ஒரு மறுகுடியேற்றம்

இரத்த தானம் பற்றி உங்களுக்குத் தெரியும். கண் தானம், சிறுநீரக தானம் ஆகியவற்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மல தானம் என்று கேள்விப்பட்டதுண்டா?

முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது அச்சுப் பிழையும் அன்று, வேடிக்கையும் அன்று. நல்ல உடல்நலம் உள்ள ஒருவரின் மலத்தை எடுத்து, உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, நோயாளியின் குடலுக்குள் செலுத்துகிறார்கள். மற்ற மருந்துகளெல்லாம் கைவிட்டுவிட்ட நோயாளிகள் பலர் இந்தச் சிகிச்சையால் பிழைத்து எழுந்திருக்கிறார்கள்.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கொருட்ஸ் என்ற குடல்நோய் மருத்துவரிடம் ஒரு பெண்மணி வந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். எட்டு மாதங்களாக ஓயாத வயிற்றுப்போக்கு. அந்த எட்டு மாதங்களில் அவர் உடல் எடை 27 கிலோ குறைந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போகும்வரை நோய் அடங்கும். நிறுத்தினால் மறுபடியும் தலைதூக்கும். கடைசியில் கொருட்ஸ், அந்தப் பெண்மணியின் கணவரிடமிருந்து மலத்தைப் பெற்று, கரைத்து, பெருங்குடலைப் பார்வையிடப் பயன்படும் நீண்ட குழாயின் வழியாக அவர் குடலில் செலுத்தினார். வயிற்றுப்போக்கு ஓரிரு நாட்களில் நின்றது.

இதில் மாயம் எதுவும் இல்லை. அந்தக் கரைசலில் இருந்தது என்ன என்று தெரிந்துகொண்டால், அது எப்படி வேலை செய்தது என்பதும் விளங்கிவிடும்.

நமக்குள் வாழும் பெருங்கூட்டம்

மலம் என்றால் செரிக்காமல் எஞ்சிய உணவு என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரை நீக்கிவிட்டு எஞ்சியதை எடை போட்டால், அதில் கால் பங்கிலிருந்து பாதி வரை பாக்டீரியாக்கள்! பெருங்குடலில் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஒரு பெருங்கூட்டத்திலிருந்து அன்றாடம் வெளியேறும் பகுதி அது.

அந்தக் கூட்டத்தின் தொகை எவ்வளவு? மனித உடலின் செல்களைப் போலப் பத்து மடங்கு என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். யாரோ ஒருவர் தோராயமாகச் சொன்னதை எல்லாரும் பார்த்து எழுதிய கணக்கு அது. 2016ஆம் ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ரான் மைலோவும் அவருடைய துணைவர்களும் உட்கார்ந்து கவனமாகக் கணக்குப் போட்டார்கள். சராசரி மனிதனின் உடலில் செல்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி. பத்து மடங்கு இல்லை, ஏறக்குறைய சமம். இத்தனை கோடியும் சேர்ந்து எடை என்னவோ 200 கிராம்தான். ஒரு பாக்டீரியா அவ்வளவு சிறியது.

பெருங்குடலில் ஆக்சிஜன் மிகவும் குறைவு. ஆகையால் அங்கே வாழும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பான்மையானவை ஆக்சிஜன் பட்டாலே செத்துப்போகும் வகையைச் சேர்ந்தவை. இவை சும்மா உட்கார்ந்து சாப்பிடும் விருந்தாளிகள் அல்ல. கீரையிலும் பருப்பிலும் தானியங்களின் தவிட்டிலும் உள்ள நார்ப்பொருளை நம்மால் செரிக்க முடியாது, இவற்றால் முடியும். நாரைச் சிதைத்து இவை உண்டாக்கும் பியூட்டிரிக் அமிலம்தான் பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய உணவு. வைட்டமின் கே போன்றவற்றையும் இவை செய்து தருகின்றன.

இவை செய்யும் இன்னொரு வேலை நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அது காவல்.

இந்தக் காவலை அழகாக மெய்ப்பித்துக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1954இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மார்ஜரி போன்ஹாஃப், பிலிப் மில்லர் ஆகியோர் சுண்டெலிகளுக்குச் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியை வாய் வழியாகக் கொடுத்தார்கள். சாதாரண எலிகளில் பாதிக்கு நோய் தொற்றச் செய்ய ஏறத்தாழ 1,00,000 கிருமிகள் தேவைப்பட்டன. பிறகு வேறு சில எலிகளுக்கு முதலில் ஒரே ஒரு தடவை ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கொடுத்துவிட்டு, அதன்பின் கிருமியைக் கொடுத்தார்கள். இப்போது எத்தனை கிருமிகள் தேவைப்பட்டன தெரியுமா? பத்துக்கும் குறைவு! ஸ்ட்ரெப்டோமைசின் எலியின் உடலை ஒன்றும் செய்துவிடவில்லை. குடலில் இருந்த காவல்காரர்களைக் கொன்றுவிட்டது, அவ்வளவுதான். கோட்டைக் கதவு திறந்துகொண்டது.

உட்கார இடம் இல்லை, தின்ன உணவு மிச்சம் இல்லை, போதாததற்கு அக்கம்பக்கத்தார் சுரக்கும் இரசாயனங்கள் வேறு. இப்படிப்பட்ட இடத்தில் புதிதாக வந்த கிருமி என்ன செய்யும்? வந்த வழியே போய்விடும்.

‘கடினமான’ கிருமி

இனி நோய்க்கு வருவோம். கொருட்ஸிடம் வந்த பெண்மணியை வாட்டிய கிருமியின் பெயர் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில். சுருக்கமாக டிஃபிசில் என்றே சொல்வோம். 1935ஆம் ஆண்டு ஹால், ஓட்டூல் என்ற இரு ஆய்வாளர்கள் பிறந்த குழந்தைகளின் மலத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ஆக்சிஜன் ஆகாது, வளர்த்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ‘கடினமானது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். குழந்தைகள் என்னவோ நலமாகத்தான் இருந்தன. ஆகவே இக்கிருமியை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் உலகம் மாறிவிட்டது. ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தன. நிமோனியாவையும் நச்சுக் காய்ச்சல்களையும் அவை விரட்டின. ஆனால் இம்மருந்துகளைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கடும் வயிற்றுப்போக்கு கண்டது. அவர்களுடைய பெருங்குடலின் உட்புறத்தில் மஞ்சள் நிற ஏடு போலத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. சிலர் இறந்தும் போனார்கள். 1974இல் அமெரிக்காவில் கிளிண்டாமைசின் என்ற மருந்தைப் பெற்ற 200 நோயாளிகளைக் கவனித்தபோது, அவர்களில் 21 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கும், 10 சதவீதம் பேருக்கு இந்த ஏடு படியும் நோயும் வந்திருந்தன. மருந்தே நஞ்சாகிவிட்டதோ என்று சந்தேகித்தார்கள்.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது வெள்ளெலி போன்ற ஹாம்ஸ்டர் என்ற சிறு பிராணி. ஜான் பார்ட்லெட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஹாம்ஸ்டர்களுக்குக் கிளிண்டாமைசின் கொடுத்து நோயை வரவழைத்து, அதன் காரணத்தைத் துருவித் துருவித் தேடினார்கள். 1978இல் விடை கிடைத்தது. குற்றவாளி மருந்தன்று, நாற்பது ஆண்டுகளாக யாரும் சீந்தாமல் கிடந்த டிஃபிசில்தான். மருந்து மற்ற பாக்டீரியாக்களை அழித்துவிட, காலியான குடலில் இது பெருகியிருக்கிறது. ஆலையில்லா ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கதைதான். பெருகியபின் இரண்டு நச்சுப் புரதங்களைச் சுரக்கிறது. அவை குடற்சுவர்ச் செல்களின் உட்சட்டகத்தைக் குலைத்துவிடுகின்றன. செல்கள் உருக்குலைந்து, ஒன்றோடொன்று கொண்ட பிணைப்பு விட்டு, சுவரே புண்ணாகிவிடுகிறது.

டிஃபிசிலிடம் இன்னொரு தந்திரமும் உண்டு. சூழ்நிலை பாதகமானால் அது தன்னைச் சுற்றித் தடித்த உறைகளை அமைத்துக்கொண்டு, விதை போல உறங்கிவிடும். இந்த நிலையை ஸ்போர் என்கிறோம். நம் பாடப் புத்தகத்தில் வித்து என்று போட்டிருக்கும். காற்றுப் பட்டாலும் வித்து சாவதில்லை. மருத்துவமனைக் கட்டிலின் கம்பியிலும் கதவுப் பிடியிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். 2020க்குப் பிறகு எல்லாருக்கும் பழகிப்போன சானிடைசர் இதனிடம் பலிக்காது; ஆல்கஹால் வித்தை ஒன்றும் செய்வதில்லை. சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, வித்துகளைத் தண்ணீரோடு போக்கினால்தான் உண்டு. ஆல்கஹாலுக்கு அசையாத இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு வேடத்தில் மறுபடியும் வரும்.

வட்டச் சுழல்

டிஃபிசில் நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. வான்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை வாய்வழியாகக் கொடுத்தால், அது இரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே தங்கிக் கிருமியைக் கொல்லும். பெரும்பாலான நோயாளிகள் குணமாகிவிடுவார்கள். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சில வாரங்களில் நோய் திரும்பி வருகிறது. ஒருமுறை திரும்பி வந்துவிட்டால், மறுபடியும் வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

ஏன் என்று நீங்களே ஊகிக்கலாம். வான்கோமைசின் வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியைக் கொல்லுமே தவிர, உறங்கும் வித்தைக் கொல்லாது. அதே சமயம், தப்பிப் பிழைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொல்லும். மருந்தை நிறுத்தியதும் குடல் வெறிச்சோடிக் கிடக்கிறது, வித்து முளைக்கிறது. நோய் வந்ததே காலி இடத்தால். அந்த இடத்தை மருந்து இன்னும் காலியாக்குகிறது. களை மண்டியதென்று வயலுக்கு மருந்தடித்துப் பயிரையும் கருகவிட்டு, வெறும் மண்ணாகப் போட்டுவைத்தால் அடுத்த மழைக்கு என்ன முளைக்கும்?

இது ஏதோ அபூர்வ நோய் என்று எண்ணிவிட வேண்டாம். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4,50,000 பேருக்கு டிஃபிசில் நோய் கண்டது என்றும், நோய் கண்ட முப்பது நாட்களுக்குள் சுமார் 29,000 பேர் இறந்தனர் என்றும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

ஐஸ்மனின் துணிவு

காலியான இடத்தை நிரப்பிவிட்டால் என்ன? இந்தக் கேள்வி ஒருவருக்கு 1978க்கு முன்பே தோன்றிவிட்டது. அதாவது, கிருமி எது என்று தெரிவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே!

அவர் பென் ஐஸ்மன். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் அறுவை மருத்துவராக இருந்தவர். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தபின் ஏடு படியும் குடல் நோய்க்கு ஆளானவர்களை அவர் பார்த்தார். குடலில் இருக்க வேண்டியவை அழிந்துபோனதால்தானே இந்த வினை, அவற்றைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்போம் என்று எண்ணினார். சாகும் தறுவாயில் இருந்தவர்கள் உட்பட நான்கு நோயாளிகளுக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து எனிமாவாகக் கொடுத்தார். நால்வரும் விரைவில் தேறினார்கள். 1958இல் ஐஸ்மனும் அவருடைய மூன்று துணைவர்களும் அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் இதைச் சிறு கட்டுரையாக வெளியிட்டார்கள். மருத்துவ உலகம் அதைப் படித்துவிட்டு மூடி வைத்தது. வான்கோமைசின் வந்துவிட்டது; மாத்திரை இருக்கும்போது மலத்தைத் தொடுவார் யார்? 1983இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் திரும்பத் திரும்ப வந்த டிஃபிசில் நோயை இதே முறையில் குணப்படுத்திய செய்தி வெளியாயிற்று. பிறகும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இது நடந்து வந்தது.

ஐஸ்மனுக்கு முன்னோடிகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். சீனாவில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்ற மருத்துவர், நஞ்சான உணவை உண்டு கடும் பேதியால் வாடுபவர்களுக்கு மலக் கரைசலைக் குடிக்கக் கொடுக்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டின் சீன மருத்துவ நூலிலும் இது வருகிறது. நோயாளி முகம் சுளிக்காமலிருக்க இதற்கு ‘மஞ்சள் சாறு’ என்று நாகரிகமான பெயர் சூட்டியிருந்தார்களாம்! அவர்களுக்கு பாக்டீரியாவைப் பற்றித் தெரியாது; அனுபவத்தில் கண்டதைச் செய்தார்கள். கால்நடை மருத்துவர்களுக்கும் இது புதிதன்று. அசைபோடுவதை நிறுத்திவிட்ட பசுவுக்கு, நலமான பசுவின் முதல் இரைப்பையிலிருந்து எடுத்த நீரை ஊற்றுவது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவின் கோலாக் குட்டியோ மருத்துவருக்குக் காத்திருப்பதில்லை. தாய்ப்பாலை விட்டு யூகலிப்டஸ் இலைக்கு மாறும் பருவத்தில், தாய் வெளியேற்றும் கூழ் போன்ற ஒருவகை மலத்தை அது உண்கிறது. அந்த இலையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அதற்கு அப்படித்தான் வந்து சேருகின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? பாலில் உறைமோர் ஊற்றும்போது வீட்டில் என்ன செய்கிறோம்? நேற்றைய தயிரில் வாழ்ந்த கூட்டத்தில் ஒரு கரண்டியை எடுத்து இன்றைய பாலில் குடியேற்றுகிறோம். நம் வீட்டுத் தயிர் கெட்டுவிட்டால் பக்கத்து வீட்டில் உறை வாங்கி வருகிறோம். கொருட்ஸ் செய்ததும் அதுதான். அருவருப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே.

ஆம்ஸ்டர்டாம் சோதனை

நாலு பேர் குணமானார்கள், நாற்பது பேர் குணமானார்கள் என்பதால் ஒரு சிகிச்சை மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடாது. தானாகவே குணமாகியிருக்கலாம், கூடவே கொடுத்த மருந்தால் இருக்கலாம். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து, வெவ்வேறு சிகிச்சை கொடுத்து ஒப்பிடுவது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் எல்ஸ் வான் நூட், யோஸ்பர்ட் கெல்லர் ஆகியோரின் குழு இதைச் செய்தது. நோய் திரும்பி வந்தவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வான்கோமைசின் மட்டும். இன்னொரு பிரிவுக்கு வான்கோமைசினோடு குடலைக் கழுவிவிடுதல். மூன்றாவது பிரிவுக்குச் சில நாட்கள் வான்கோமைசின் கொடுத்து, குடலைக் கழுவி, அதன்பின் தானமளித்தவரின் மலக் கரைசலை மூக்கின் வழியாகச் சிறுகுடல்வரை செல்லும் மெல்லிய குழாய் மூலம் செலுத்தினார்கள். கரைசல் உடலுக்குள் போகும்போது அதன் சுவையோ மணமோ நோயாளிக்குத் தெரிவதில்லை.

முடிவு 2013இல் வெளியாயிற்று. வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர் 4 பேர். குடலும் கழுவப்பட்ட 13 பேரில் 3 பேர். மலக் கரைசல் பெற்ற 16 பேரில் ஒரே தடவையில் குணமானவர் 13 பேர். எஞ்சிய மூவருக்கு வேறொருவரின் மலக் கரைசலை மறுபடி கொடுத்ததில் மேலும் 2 பேர் குணமானார்கள். ஆக 16க்கு 15! வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கவே, தொடர்ந்து மற்றப் பிரிவுகளில் ஆட்களைச் சேர்ப்பது முறையன்று என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மருந்து பலிக்காததால் சோதனை நிற்பதுண்டு; மிக நன்றாகப் பலித்ததால் நின்ற சோதனைகள் அதிகம் இல்லை.

பித்தநீரின் பங்கு

குடியேறியவர்கள் டிஃபிசிலை எப்படி விரட்டுகிறார்கள்? இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வதால் மட்டும் அன்று. இங்கே ஒரு நேர்த்தியான இரசாயனம் நடக்கிறது. உங்கள் வேதியியல் பாடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி என்று படித்திருப்பீர்களே, அது இங்கே உதவும்.

கொழுப்பைச் செரிக்க நம் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அதிலுள்ள பித்த அமிலங்களில் பெரும்பகுதியைச் சிறுகுடலின் இறுதிப் பகுதி உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். தப்பித்த சிறு பங்கு பெருங்குடலுக்கு வருகிறது. அங்கே கிளாஸ்டிரிடியம் சிண்டன்ஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் அந்த அமில மூலக்கூறின் ஏழாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியைக் கழற்றிவிடுகின்றன. கோலிக் அமிலம் டிஆக்சிகோலிக் அமிலமாகிறது. மூலக்கூறில் இவ்வளவு சிறிய மாற்றம்தான்.

ஆனால் டிஃபிசிலுக்கோ இது வாழ்வா சாவா என்ற மாற்றம்! கழற்றப்படாத பித்த அமிலம் அதன் வித்தை ‘எழுந்திரு, முளை’ என்று தட்டி எழுப்புகிறது. கழற்றப்பட்ட அமிலம் முளைத்த கிருமியை வளரவிடாமல் தடுக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி சாப்பிட்டவரின் குடலில் கழற்றுகிற பாக்டீரியாக்கள் இல்லை. எழுப்பும் அமிலம் நிறைய, தடுக்கும் அமிலம் பூஜ்யம். மலக் கரைசல் செலுத்தியபின் பார்த்தால் தடுக்கும் அமிலம் மீண்டுவிட்டிருக்கிறது.

கொருட்ஸும் தம் நோயாளியின் குடலில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இருந்த பாக்டீரியாக்களை, அவற்றின் மரபணுக்களைக் கொண்டு அடையாளம் கண்டு பட்டியலிட்டார். முன்பு, நலமான பெருங்குடலில் எங்கும் நிறைந்திருக்கும் பாக்டீராய்டிஸ் இனத்தைக் காணோம். இரண்டு வாரங்களுக்குப் பின் அவருடைய குடல் கூட்டம் கணவருடைய கூட்டத்தைப் பெரிதும் ஒத்திருந்தது. குடியேற்றம் நிலைத்துவிட்டது.

யார் கொடுக்கலாம்?

‘இவ்வளவு எளிதா? வீட்டிலேயே செய்துவிடலாமே’ என்று எண்ணத் தோன்றும். ஒருபோதும் கூடாது. நலமாகத் தோன்றும் ஒருவரின் மலத்தில் மஞ்சள்காமாலை வைரஸ், புழு முட்டை, சீதபேதிக் கிருமி என்று எதுவும் ஒளிந்திருக்கலாம். அவருக்குத் தீங்கு செய்யாதது, நலிந்த நோயாளிக்கு எமனாகலாம்.

அதனால்தான் மலத்துக்கும் வங்கிகள் தோன்றின. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓப்பன்பயோம் என்ற இலாப நோக்கற்ற வங்கி தொடங்கப்பட்டது. தானம் தர முன்வந்தவர்களை அது நீண்ட கேள்விப் பட்டியலாலும், இரத்தப் பரிசோதனையாலும், மலப் பரிசோதனையாலும் சலித்தெடுத்தது. தேறியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை! பெரிய கல்லூரிகளில் இடம் கிடைப்பதைவிட இது கடினம் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். தேறியவர்களின் மலத்தை உப்புநீரிலும் கிளிசராலிலும் கரைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி குளிரில் உறையவைத்து, மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். உறையும்போது செல்கள் வெடிக்காமல் கிளிசரால் காக்கிறது.

இத்தனை கட்டுப்பாட்டிலும் ஓட்டை இருக்கலாம் என்பதை 2019 காட்டியது. அமெரிக்காவில் வேறு ஆய்வுகளின்போது மலச் சிகிச்சை பெற்ற, நோய் எதிர்ப்புத் திறன் குன்றியிருந்த இருவருக்கு, பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத ஈ. கோலை பாக்டீரியா இரத்தத்தில் பரவியது. ஒருவர் இறந்துபோனார். இருவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே நபரின் மலம். அதை அந்தக் கிருமிக்காகச் சோதித்திருக்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கான சோதனையும் கட்டாயம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அதன்பின் அறிவித்தது. ஒரு மாத்திரையில் என்ன இருக்கிறது என்பதை மில்லிகிராம் கணக்கில் சொல்லிவிடலாம். மலத்தில் நூற்றுக்கணக்கான உயிரினங்கள். நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் மாறுபவை. மருந்து என்று இதை எப்படி அளப்பது என்ற சிக்கல் எளிதானதன்று.

மற்றொன்றையும் கவனியுங்கள். இந்தச் சிகிச்சை உறுதியாக மெய்ப்பிக்கப்பட்டிருப்பது திரும்பத் திரும்ப வரும் டிஃபிசில் நோய்க்குத்தான். உடல் பருமன், நீரிழிவு, மனச்சோர்வு என்று எல்லாவற்றுக்கும் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். குடற்புண் நோய் ஒன்றில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிவிடாதீர்கள். அதே போல, இதைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதித்தந்த நுண்ணுயிர்க்கொல்லியை நடுவில் நிறுத்திவிடுவதும் தவறு. உயிர் காக்கும் மருந்து அது. வைரஸால் வரும் சாதாரண சளிக்கு அதை நாமாகக் கடையில் வாங்கி விழுங்குவதுதான் வீண். சளியின் வைரஸ் சாகாது, குடலின் காவல்காரர்கள் சாவார்கள்.

கரைசலிலிருந்து மாத்திரைக்கு

2014இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், உறையவைத்த கரைசலை உறைமாத்திரைகளில் அடைத்து 20 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு 15 வீதம் இரண்டு நாட்கள். 14 பேர் முதல் சுற்றிலேயே குணமானார்கள். மறுசுற்றுக்குப் பின் மொத்தம் 18 பேர். மூக்குக் குழாய் தேவையில்லாமற் போயிற்று.

2022 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முறையாக ஒரு மலநுண்ணுயிர்த் தயாரிப்பை முறையான மருந்தாக ஏற்றது. ரெபியோட்டா என்பது அதன் பெயர். 150 மில்லிலிட்டர், எனிமாவாகக் கொடுப்பது. 2023 ஏப்ரலில் வௌஸ்ட் என்ற மாத்திரையையும் ஏற்றது. நாளொன்றுக்கு நான்கு வீதம் மூன்றே நாட்கள் விழுங்க வேண்டும்.

இந்த வௌஸ்டில்தான் முன்பு சொன்ன ஆல்கஹால் மறுபடியும் வருகிறது. நல்ல பாக்டீரியாக்களிலும் பல வகைகள் டிஃபிசிலைப் போலவே வித்தாக மாறக்கூடியவை. ஆகவே தானமளித்தவரின் மலத்தை ஆல்கஹாலில் ஊறவைக்கிறார்கள். வித்தாக மாறத் தெரியாத பாக்டீரியாக்களும் பல வைரஸ்களும் அழிந்துவிடும். வித்துகள் மட்டும் அசையாமல் நிற்கும். அவற்றைப் பிரித்தெடுத்து உறைமாத்திரையில் நிரப்புகிறார்கள். எந்தக் குணத்தால் எதிரி சானிடைசருக்குத் தப்பினானோ, அதே குணத்தைக் கொண்டு நண்பர்களைப் பொறுக்கியெடுக்கிறார்கள்! டிஃபிசில் வித்து உள்ளே வந்துவிடாதபடி தானமளிப்பவரை முன்கூட்டியே சோதித்துவிடுகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மலமே இல்லாமல் செய்ய முடியாதா? இந்த ஆசையும் பழையதுதான். 1989இல் டென்மார்க்கில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பத்து வகைப் பாக்டீரியாக்களின் கலவையைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். 2012இல் இங்கிலாந்தில் ஆறு வகைகள் கொண்ட கலவை சுண்டெலிகளைக் குணமாக்கியது. 2013இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் 33 வகைகளைக் கலந்து இரண்டு நோயாளிகளைக் குணப்படுத்தினார்கள். 2023இல் எட்டே வகைகள் கொண்ட ஒரு கலவையின் இரண்டாம் கட்டச் சோதனை முடிவு வெளிவந்தது. அதிக அளவில் பெற்றவர்களில் நோய் திரும்பியது ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு.

பத்து, ஆறு, முப்பத்து மூன்று, எட்டு. நூற்றுக்கணக்கான வகைகளில் காவலுக்கு இன்றியமையாதவை எவை, குறைந்தது எத்தனை வேண்டும் என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. கலவை ஒவ்வொன்றும் ஒரு விடையைச் சொல்கிறது. விடைகளோ ஒன்றோடொன்று பொருந்தவில்லை.